ஏரியும் எரியும்: மெல்லிய கோட்டின் நாகரிகம் பற்றி

போன மாதம் தாம்பரத்தில் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு வெளியீட்டுக் கூட்டம். நண்பர் சேலையூர்க்காரர். தொகுதியில் பாதிக்கு மேல் எங்கள் ஏரியைப் பற்றிய கவிதைகள். வங்கியில் அன்றைய கணக்கை முடித்துவிட்டு நேரே கூட்டத்துக்குப் போனேன். புத்தகத்தை அங்கே தான் முதன்முதலாகப் பிரித்தேன். ஒரு கவிதைக்குத் தலைப்பு 'எரி'. கவிதையில் தண்ணீர் இருந்தது, கொக்கு இருந்தது, ஒரு பழைய மதகு இருந்தது. நெருப்பு மட்டும் இல்லை. நெருப்பே இல்லாத கவிதைக்கு 'எரி' என்று தலைப்பு வைத்ததில் உள்ள முரண் பற்றி மேடையில் ஐந்து நிமிஷம் பேசினேன். தலைப்பு கவிதையை மறுக்கிறது, நீரின் அடியில் கனல் கிடக்கிறது என்றெல்லாம் சொன்னேன். சபை தலையாட்டியது. பிறகு டீ குடிக்கும்போது நண்பர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அது எரி இல்லய்யா, ஏரி."

விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஏகாரத்தின் அடியில் சரிந்து இறங்கவேண்டிய கோடு கம்ப்யூட்டர் திரையில் இருந்திருக்கிறது, காகிதத்தில் இல்லை. அவ்வளவு மெல்லியதாக வரைந்திருந்ததை அச்சு இயந்திரம் பொருட்படுத்தவில்லை. முரண், படிமம், ஆழ்தளம் என்று விமர்சகனுக்கு வேண்டிய சகலமும் ஒரு மயிரிழை உதிர்ந்ததில் கிடைத்துவிட்டன.

புத்தகத்தை வடிவமைத்த இளைஞரும் அங்கே இருந்தார். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. தமிழுக்கு ஒரு பொடோனி வேண்டும் என்று நினைத்தே அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். நம் கவிதைப் புத்தகங்கள் இன்னும் பஞ்சாயத்து நோட்டீஸ் போல் இருக்கின்றன, கொஞ்சமாவது நளினம் வேண்டாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தான் இதை எழுதுகிறேன். என் அவமானத்துக்குப் பரிகாரமாக அல்ல. அதில் பாதி எனக்குரியது: ஒரு தலைப்பைச் சந்தேகிக்காமல் அதன் மேல் தத்துவம் கட்டியவன் நான்.

பொடோனி என்பது என்ன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பெயரைச் சொல்கிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. ஜியாம்பத்திஸ்தா பொடோனி 1740-ல் வட இத்தாலியில் சலுட்ஸோ என்ற ஊரில் பிறந்தவர். இளமையில் ரோமாபுரியில் கத்தோலிக்க மதப் பிரசார சபையின் அச்சகத்தில், கீழைத்தேச மொழிகளின் டைப்புகளுக்கு நடுவே தொழில் பழகினார். 1768-ல் பார்மா பிரபுவின் அச்சகத்துக்குப் பொறுப்பேற்றார். 1813-ல் இறந்தார். அவருடைய டைப் மாதிரிகளைத் தொகுத்த இரண்டு பாகக் கையேட்டை 1818-ல் அவர் மனைவி வெளியிட்டார். அவர் எழுத்தில் செங்குத்துக் கோடு கறுத்துத் தடித்து நிற்கும். குறுக்குக் கோடு மயிரிழை. தடிப்பிலிருந்து மெலிவுக்குப் படிப்படியாக இறங்கும் தயக்கம் கிடையாது. எழுத்தின் நுனியில் குறுக்காக இருக்கும் சிறு பாதத்துக்குச் செரிஃப் என்று பெயர். பொடோனியில் அது தாங்கு வளைவு ஏதும் இன்றி ஒரு தட்டை இழையாக வெட்டி நிற்கும். பாரிஸில் திதோ குடும்பத்தாரும் அதே காலத்தில் அதே திசையில் போனார்கள். நல்ல டைப்புக்கு ஒழுங்கு, துலக்கம், நல்ல ரசனை, நளினம் என்று நான்கு குணங்களைப் பொடோனி சொன்னார். நம்மவர்கள் எடுத்துக்கொண்டது நான்காவதை மட்டும்.

இந்த மெல்லிய கோடு தனியாகப் பிறந்ததல்ல. பொடோனிக்கு முன்மாதிரியாக இருந்தவர்களில் ஒருவர் பர்மிங்காமின் ஜான் பாஸ்கர்வில். 1757-ல் வர்ஜிலின் கவிதைகளை வெளியிட்ட அவர் டைப்பை மட்டும் மாற்றவில்லை. மையைக் கறுப்பாக்கினார், வழவழப்பான காகிதம் தேடினார், அச்சடித்த தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தினார். பொடோனிக்குப் பார்மாவில் பிரபுவின் பணம் இருந்தது, பெரிய தாள் இருந்தது, பக்கத்தின் கணிசமான பகுதியை வெறும் வெள்ளையாக விட்டுவைக்கும் சுதந்திரம் இருந்தது. காகிதம், மை, அழுத்தம், அளவு, வெற்றிடம் என்ற சங்கிலியின் கடைசிக் கண்ணி தான் அந்த மயிரிழை. கண்ணியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து நூறு பிரதி அடிக்கும் டிஜிட்டல் மெஷினில், பழுப்புத் தாளில், பத்துப் பாய்ண்டில் மாட்டினால் அதற்குப் பெயர் நளினம் அல்ல, ஜோடனை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் கண்ணுக்கு மெல்லிய கோட்டின் லட்சியம் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட எழுத்து. செப்புத் தகட்டில் கோடு என்பது பள்ளம். பள்ளத்தில் மை தங்கும், காகிதம் அதை உறிஞ்சி எடுக்கும். ஈய டைப்பில் கோடு என்பது மேடு. ஒவ்வொரு தாளிலும் மோதும், தேயும், நசுங்கும், ஒடியும். பள்ளத்தின் அழகை மேட்டிடம் கேட்டது தான் இந்த டைப்பின் துணிச்சல். அதன் பலவீனமும் அது தான்.

பள்ளத்து அச்சு என்னவென்று எனக்கு விரலில் தெரியும். நான் வங்கி எழுத்தன். ஐந்நூறு ரூபாய் நோட்டில் காந்தி படத்தையும் அசோகத் தூண் சின்னத்தையும் மேடு தட்டும்படி அச்சிட்டிருக்கிறார்கள். தகட்டின் பள்ளத்திலிருந்து வந்த மை அது. சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்போம். பார்வை இல்லாத வாடிக்கையாளரும் அப்படித் தான் பார்க்கிறார். நோட்டில் உள்ள நுண்கோடுகள் வாசிப்பதற்காகப் போட்டவை அல்ல. நகல் எடுக்க முடியாமல் இருப்பதற்காகப் போட்டவை. கோடு மெலிய மெலிய, "என்னைப் போல் உன்னால் செய்ய முடியாது" என்கிறது. ரிஸர்வ் வங்கிக்கு இது நியாயமான பேச்சு. கவிஞன் தன் வாசகனிடம் பேசவேண்டியது இதுவல்ல.

தமிழுக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலக் கல்வெட்டுகள் அதன் சுவரில் இருக்கின்றன. உளியால் வெட்டிய அந்த எழுத்தில் தடிப்பு, மெலிவு என்ற நாடகம் இல்லை. கோடு போகிறது, திரும்புகிறது, நிற்கிறது. ஓலையில் எழுத்தாணியும் அப்படித் தான்: கீறும் கருவிக்கு ஒரே பருமன். ரோமன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பேனாவிலிருந்து வந்தவை. பட்டை நுனியைச் சாய்த்துப் பிடித்தால் திசைக்கு ஒரு பருமன். கூர் நுனியை அழுத்தினால் பிளந்து தடிக்கும், விட்டால் மெலியும். பொடோனியின் எழுத்து இந்தப் பேனாவின் நினைவைக் கணக்குப்போட்டுக் கெட்டிப்படுத்திய எழுத்து. தமிழ் எழுத்துக்கு அந்த நினைவு இல்லை.

இதை வைத்துச் சுத்தத் தமிழ்க் கோடு என்று ஒரு கோஷம் கிளப்ப நான் தயாராக இல்லை. அச்சுத் தமிழ் ஆரம்பத்திலிருந்தே கலப்பு. 1578-ல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' போர்த்துகீசிய மிஷனின் காரியம். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-ல் வந்த டைப்புகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி அங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1862-ல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதியில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் ஒரே நூலுக்குள் அடங்கின என்றால், சிறிதாகவும் தெளிவாகவும் வெட்டிய டைப் தான் அதைச் சாத்தியமாக்கியது. இந்தக் கைகளெல்லாம் அந்நியக் கைகள். அவை வெட்டிய எழுத்தைத் தான் நாம் தமிழெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆகவே பிரச்னை அந்நியம் என்பதல்ல. ஹாலேயின் எழுத்தைத் தரங்கம்பாடியில் ஏன் மாற்றினார்கள்? காகிதம் போதவில்லை, வாசகனுக்குப் புத்தகம் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. தேவை எழுத்தைத் திருத்தியது. இன்று நம் நண்பர்களிடம் தேவை இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது.

இனி மையமான விஷயம். தமிழில் எந்தக் கோடு அர்த்தத்தைச் சுமக்கிறது? எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் ஒரு சாய்கோடு. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரு சுழி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தலையில் ஒரு மடிப்பு. மெய்க்கும் அகரமேறிய மெய்க்கும் ஒரு புள்ளி. தொல்காப்பியத்தில் எகரமும் ஒகரமும் புள்ளி பெற்றுக் குறிலாயின. ஓலையில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது, குறிலும் நெடிலும் குழம்பின. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சீர்திருத்தம் இந்தக் குழப்பத்தைத் தான் தீர்த்தது. இப்படிச் சம்பாதித்த ஒரு சிறு கோட்டை, 'இது அலங்காரத்துக்கான இடம்' என்று தீர்மானித்து இழையாக மெலிக்கிறார் வடிவமைப்பாளர். ஏடு எடு ஆகிறது. ஓடு ஒடு ஆகிறது. கோடு மெலிந்து கொடு ஆகிறது. பல்லின் புள்ளி தூர்ந்தால் பல.

ஆங்கிலத்திலும் 'இ'யின் நடுக்கோடு உதிர்ந்தால் அது 'ஸி' ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் அப்படி உதிர்ந்த சொல் அநேகமாகச் சொல்லாகவே இராது. வாசகன் பிழை என்று உடனே கண்டுகொண்டு மனசுக்குள் திருத்திக்கொள்வான். தமிழில் உதிர்ந்த பின்னும் மிஞ்சுவது பல சமயம் இன்னொரு நல்ல சொல். எரி என்பது பிழையாகத் தெரியாது. அதனால் தான் நான் ஏமாந்தேன். கவிதையில் இது இரட்டிப்பு ஆபத்து. செய்தித்தாளில் முன்பின் வாக்கியம் காப்பாற்றும், நவீன கவிதையிலோ முன்பின்னை உடைப்பதே உத்தி என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கர்வில்லின் டைப்பைப் படித்தால் கண் வலிக்கிறது என்று அவர் காலத்திலேயே புகார் இருந்தது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1760-ல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். அப்படிப் புகார் சொன்ன ஒருவரிடம் காஸ்லன் என்பவரின் பழைய டைப் மாதிரித் தாளை நீட்டி, இது பாஸ்கர்வில்லுடையது, குறை எங்கே என்று காட்டுங்கள் என்றாராம். அந்த மனிதர் அதில் குறைகளை வரிசையாகக் காட்டி, கண் வலிக்கிறது என்றும் சொன்னாராம். ஆகவே கண்வலி என்பது பழக்கத்தின் முணுமுணுப்பு, புதியதைக் கண்ட பயம். உன் புகாரும் அந்த ரகம் என்பார்கள். நல்ல கதை. ஆனால் அந்த மனிதர் புகார் சொன்னது ரசனை பற்றியது. அவர் ஒரு சொல்லையும் தவறாகப் படிக்கவில்லை. நான் தவறாகப் படித்தேன், ஒரு சபையே என்னோடு சேர்ந்து தவறாகத் தலையாட்டியது. ரசனைப் புகாரை ஃப்ராங்க்ளின் தந்திரத்தால் மடக்கலாம். காகிதத்தில் இல்லாத கோட்டை எந்தத் தந்திரத்தாலும் வரவழைக்க முடியாது. இன்னொரு பக்கம், 1891-ல் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கிய வில்லியம் மாரிஸ் பொடோனி மீது காட்டிய வெறுப்பும் எனக்கு உதவாது. அவருக்கு மத்திய காலத்தின் கருமை வேண்டியிருந்தது. எனக்கு ஏகாரம் வேண்டும், அவ்வளவு தான்.

இந்த டைப் எங்கே வாழ்கிறது என்று பாருங்கள். வோக், ஹார்ப்பர்ஸ் பஸார் என்ற நாகரிகப் பத்திரிகைகளின் தலைப்புகளில் இந்தக் குடும்பத்து எழுத்து பல்லாண்டுகளாக இருக்கிறது. வாசனைத் திரவியக் குப்பியில், நகைக்கடை விளம்பரத்தில், கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. அங்கெல்லாம் அதற்கு வேலை உண்டு, செய்கிறது. எழுத்து பெரியது, சொல் ஒன்றிரண்டு, காகிதம் பளபளப்பு. அங்கே யாரும் வாசிப்பதில்லை, பார்க்கிறார்கள். விலை அதிகம் என்பதை விலையைச் சொல்லாமல் சொல்ல அந்த மயிரிழை போதும். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கவிதைப் புத்தகம் எப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் போக ஆசைப்பட ஆரம்பித்தது என்பது தான் என் கேள்வி.

நம் சிறு பத்திரிகைகளின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். 1959-ல் சி. சு. செல்லப்பா தொடங்கியது 'எழுத்து'. 1970-ல் 'கசடதபற'. 1978-ல் ஆத்மாநாமின் 'ழ'. ஆய்த எழுத்தைப் பெயராகக் கொண்ட இதழ் ஒன்று. எழுத்தையே பெயராகச் சூடிக்கொண்ட இயக்கம் இது. இந்த இதழ்களைக் கைக்கோர்வையில் அச்சிட்டார்கள். ஈய எழுத்து தேய்ந்திருக்கும், வேறு கேஸிலிருந்து எழுத்து கலந்திருக்கும், புரூஃப் பிழை இருக்கும். அந்த வறுமையைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. தேய்ந்த டைப்பும் ஏகாரத்தைக் கொன்றிருக்கும். 1974-ல் தொடங்கிய க்ரியா, புத்தகத்தின் உருவமும் இலக்கியப் பொறுப்பு தான் என்று காட்டியது. அந்தப் பாடத்தை நாம் சரியாகப் படித்தோமா? க்ரியாவின் அக்கறை எழுத்துப்பிழை, சொற்பிரிப்பு, நிறுத்தக்குறி, வரி நீளம் எல்லாவற்றையும் தொட்டது. நாம் எடுத்துக்கொண்டது அட்டையை மட்டும். விமர்சனத்தில் நடந்ததும் இது தான். கருத்துகளை அவை பிறந்த நிர்ப்பந்தங்களோடு வாங்காமல், அவற்றின் தோற்றத்தை வாங்கினோம். 'முரண்' என்ற சொல்லை வாங்கி வைத்திருந்ததால் தான் நான் ஏரியில் நெருப்பைக் கண்டேன். டைப்பும் விமர்சனமும் அன்று மாலை ஒரே தவறைச் செய்தன என்பது என் வாக்குமூலம்.

சரி, என்ன செய்வது? மெலிவே கூடாது என்பது என் கட்சி அல்ல. தமிழில் இப்போது 'செரிஃப்' என்ற பெயரோடு எழுத்துருக்கள் கிடைக்கின்றன. தமிழ் எழுத்துக்குச் செரிஃப் என்ற உறுப்பே இல்லை. தடிப்பும் மெலிவும் உள்ள எழுத்து என்பதைத் தான் அந்தப் பெயர் குறிக்கிறது. அளவோடு செய்த தடிப்பும் மெலிவும் பக்கத்துக்கு ஒரு தாளத்தைத் தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அளவு என்பதை அர்த்தத்தோடு சொல்லவேண்டும். ஈய காலத்தில் ஒவ்வொரு பாய்ண்டுக்கும் தனியாக வெட்டுவார்கள். சிறிய அளவில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாகவே வைப்பார்கள், இல்லாவிட்டால் நிற்காது. கம்ப்யூட்டரில் ஒரே வரைவைச் சுருக்குகிறோம். கோடும் சேர்ந்து சுருங்குகிறது. மேல்நாட்டில் இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1994-ல் ஐ.டி.சி. நிறுவனம் பொடோனியை மறுபடி வரைந்தபோது 6, 12, 72 பாய்ண்ட்களுக்கு மூன்று தனித்தனி வரைவுகள் செய்தது. பொடோனியின் சொந்த வீட்டிலேயே சிறிய எழுத்துக்கு மயிரிழை கூடாது என்கிறார்கள். இங்கே நாம் பெரிய எழுத்தின் வரைவைச் சுருக்கிக் கவிதை முழுவதையும் போடுகிறோம், அதற்குப் பொடோனி என்று பெயரும் வைக்கிறோம்.

ஆகவே சிலவற்றைக் கேட்கிறேன். தலைப்பில் எவ்வளவு மெலிவு வேண்டுமானாலும் இருக்கட்டும், உடலில் வேண்டாம். தமிழுக்கென்று வரைகிறவர்கள் முதலில் ஏகாரக் கோட்டையும் ஓகாரச் சுழியையும் இரட்டைக் கொம்பின் மடிப்பையும் புள்ளியையும் எலும்பாக வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள இடத்தில் மெலியட்டும். நளினம் வேண்டுமென்றால் எழுத்துக்கு நடுவே உள்ள வெள்ளையில், வரி இடைவெளியில், வட்டத்தின் வளைவில் தேடட்டும். மாடம்பாக்கத்துச் சுவரில் அது ஒரே பருமனில் கிடைத்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் ஒரு பக்கத்தை, எந்தத் தாளோ அதே தாளில், எந்த மெஷினோ அதே மெஷினில் அடித்துப் பார்க்கட்டும். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது பார்ப்பதாகாது. அந்தப் பக்கத்தில் ஏரி எரி, கோடு கொடு, பல் பல என்று ஒரு வரி இருக்கட்டும். அதை அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் குழல்விளக்கின் கீழே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லட்டும். என் அம்மா சம்மதிப்பாள். கண்ணில் லென்ஸ் வைத்த பின்னும் நாள் முழுக்கப் படிக்கிறவள். நண்பரின் தொகுதியை நான்கு பக்கம் படித்துவிட்டு, "இது எனக்கு இல்ல போலிருக்குடா" என்று மூடி வைத்தாள். கவிதை புரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. எழுத்து அவளை வெளியே நிறுத்திவிட்டது.

நவீன கவிதை வாசகனிடமிருந்து உழைப்பைக் கேட்கிறது என்று இருபது வயதிலிருந்து சொல்லிவருகிறேன், இப்போதும் சொல்வேன். அந்த உழைப்பு ஏரி என்ற சொல்லுக்குப் பிறகு ஆரம்பிக்கவேண்டும். ஏரியா எரியா என்று கண்டுபிடிப்பதில் அதைச் செலவழிக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நண்பர் இரண்டாம் பதிப்புக்கு எழுத்தை மாற்றப்போவதாகச் சொல்கிறார். வடிவமைப்பாளர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இந்த இதழுக்குப் பதில் எழுதினால் வரவேற்பேன். இந்தக் கட்டுரையை எந்த டைப்பில் போடுவது என்பது ஆசிரியரின் விருப்பம். நான் ஏரி என்று எழுதிய இடங்களில் மட்டும் புரூஃபை ஒருமுறை தாளில் எடுத்துப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.